கட்டில் கிறீச்சிட்டால்: கேள்வி பதில்

கேள்வி: புரண்டு படுத்தாலே கட்டில் கிறீச் கிறீச் என்கிறது. எந்த இடத்தில் எண்ணெய் விடலாம்?

எண்ணெயை ஓரமாக வையுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், அதுதான் முதல் வேலை. மெத்தையைத் தரையில் போட்டு அதன்மேல் உருண்டு பாருங்கள். அங்கேயும் சத்தம் வந்தால் கோளாறு மெத்தையின் ஸ்பிரிங்கில். கட்டிலைக் கழற்றிப் பயனில்லை.

மெத்தை சத்தமில்லாமல் இருந்தால் வெறும் கட்டிலை ஒருவர் பிடித்து, நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் ஆட்ட வேண்டும். இன்னொருவர் காலும் சட்டமும் சேரும் இடத்தில் விரலை வைக்கட்டும், பாதி விரல் காலின்மேல், பாதி சட்டத்தின்மேல். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்த மூலையில் குறையில்லை. ஒன்று நிற்க மற்றொன்று மயிரிழை நகர்ந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். காதை நம்பாதீர்கள். சத்தம் மரம் வழியாக ஓடும். கால்மாட்டில் உரசுவது தலைமாட்டில் கேட்கும்.

கேள்வி: எல்லா போல்ட்டையும் நன்றாக முறுக்கினேன். கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போயிருப்பீர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். சட்டம் கோணலாகவே இறுகிவிடும், ஆள் படுக்கும்போதெல்லாம் நிமிரப் பார்க்கும், போல்ட் தளரும். எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்துங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணாமல் நிற்கிறது. அப்புறம் நான்கு மூலையையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். போல்ட் தலை மரத்துக்குள் அமுங்காமல் இருக்க அகலமான வாஷர் போடுங்கள். நட்டு தானாகக் கழன்று வந்தால் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டாக மாற்றிவிடுங்கள். பலத்தைக் காட்டி முறுக்க வேண்டாம், மரம் நசுங்கினால் பிடிமானமும் போச்சு.

கேள்வி: ஸ்க்ரூ இறுகாமல் சும்மாவே சுற்றுகிறது.

துளை தேய்ந்துவிட்டது. பல்குத்தும் குச்சிகளை மரப் பசையில் தோய்த்து, துளை நிறைய அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு ஸ்க்ரூவைப் போடுங்கள். இது நல்ல மரத்துக்குத்தான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் துளையைச் சுற்றிலும் உதிர்ந்திருக்கும், குச்சி வைத்தாலும் நிற்காது. பலகையை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, மறுபக்கம் பெரிய வாஷரும் நட்டும் கொடுங்கள்.

கேள்வி: மெழுகு தேய்க்கலாமா, சோப்பா? சமையல் எண்ணெய் விட்டால் என்ன?

மரத்தோடு மரம் உரசும் இடத்துக்கு மெழுகுவர்த்தி. சோப்பு ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் மூட்டு ஆடும்போது மெழுகு தேய்ப்பது சத்தத்தை அடக்குமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது.

கேள்வி: குறுக்குப் பலகைகள்தான் சத்தம் போடுகின்றன.

பலகை சட்டத்தில் உட்காரும் இடத்தில் பழைய கம்பளித் துணியோ ஃபெல்ட் பட்டையோ ஒட்டுங்கள். பிளைவுட் விரிப்புக்கும் இதேதான்.

கேள்வி: தாத்தா காலத்துக் கட்டில், போல்ட்டே கிடையாது. மூட்டில் ஆணி அடித்துவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். சட்டத்தின் நாக்கு காலின் துளைக்குள் செருகியிருக்கும். ஆணி அந்த நாக்கைப் பிளந்துவிடும், பிறகு தச்சருக்கும் தலைவலி. துணி சுற்றிய கட்டையால் மெல்லத் தட்டி மூட்டைக் கழற்றுங்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுங்கள். மரத்தில் ஊறினால்தான் புதுப் பசை பிடிக்கும், பழசின் மேல் பூசினால் உரிந்து வரும். நாக்கு மெலிந்திருந்தால் மரச் சீவலை ஒட்டிக் கனமாக்குங்கள். மாட்டியதும் கயிற்றைச் சுற்றி, நடுவில் குச்சி கொடுத்து முறுக்கி, ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

கேள்வி: இரும்புக் கட்டில். கிறீச் இல்லை, டக் டக்கென்று ஒரு சத்தம்.

வெல்டிங் வைத்த இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டின்மேல் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் விரிசலாக இருக்கலாம். அதில் படுக்காமல் வெல்டரிடம் காட்டுங்கள். விரிசல் இல்லையென்றால் போல்ட் சேரும் இடத்தில் நைலான் வாஷர் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஈரமான நாட்களில் மட்டும் சத்தம் வருகிறதே?

ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால் ஒன்றையொன்று நெருக்கி உரசுகிறது. உப்பியிருக்கும்போது இழைத்துக் குறைத்தால் காய்ந்ததும் மூட்டு லொடலொடக்கும். இப்போதைக்கு மெழுகு, காய்ந்த பிறகு போல்ட் இறுக்கம்.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்தாச்சு. இன்னும் லேசாகக் கேட்கிறது.

தலைமாட்டுப் பலகை சுவரில் இடிக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் சுலபமாக நுழையும் கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. அதன் அடியில் மெல்லிய மரத் துண்டை ஒட்டுங்கள். மடித்த காகிதம் வேண்டாம், அது அமுங்கிவிடும்.