பழையபேட்டையில் புது வீடு: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு ஒட்டி ஒட்டிக் கட்டிய மூன்று மாடி வீடுகளில், நடுவீடு எங்களுடையது. குடிவந்து நாலு வருஷம். கட்டடப் பொறியாளர் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

நடுவீடு இருட்டாக இருக்குமா அக்கா?

இருக்கும். பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாதே. எங்கள் வீட்டில் படிக்கட்டுக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு, அதன் ஓரத்தில் காற்றுப் போக்கி விட்டிருக்கிறோம். பழைய வீட்டு முற்றம் செய்த வேலைதான். வெறும் கண்ணாடி மட்டும் வைத்தால் சித்திரை வெயிலில் மாடி அடுப்பாகிவிடும்.

எங்கள் வீட்டை ஒட்டி நூறு வருஷத்துப் பழைய வீடு. அவர்கள் சுவரில் ஈரம் ஏறுகிறது, எங்கள் வீட்டால்தான் என்கிறார்கள். சிமெண்ட் பூசிக் கொடுத்தால் போதுமா?

வேண்டாம். அது மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவராக இருந்தால், தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை மேற்பரப்பு வழியாகத்தான் உலர்த்தும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி.

அதற்கு முன்னால் இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள சந்தைப் பாருங்கள். எங்கள் கட்டுமானக்காரர் அதில் கல்லும் கலவையுமாகக் கொட்டி மூடிவிட்டுப் போனார். முதல் ஐப்பசி மழையிலேயே பக்கத்து வீட்டுப் பாட்டியின் சமையலறைச் சுவர் நனைந்தது. கட்டுமானக்காரருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. நாங்களே ஆள் வைத்து எட்டியவரை வழித்தெடுத்து, சந்தின் தலைமேல் தகடு அடித்து, மொட்டைமாடித் தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பினோம். பாட்டி ஒரு மாதம் பேசவில்லை. நியாயம்தான்.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

நம் மாவட்டத்திலும் தர்மபுரியிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது.

வாங்கும்போது பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பொதுச்சுவர் யாருடையது, பழுது வந்தால் யார் செலவு என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சு உதவாது. பக்கத்தில் மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் கோட்டையோ கோயிலோ இருந்தால் அளந்து பாருங்கள்: 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டும். 'மாடி பிறகு ஏற்றிக்கொள்ளலாம்' என்று தரகர் சொல்வதை இதோடு சேர்த்துக் கேளுங்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. மூன்று மாடி ஒத்துவருமா?

கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் இருந்தால் வரும். அந்த இடத்தைக் கார் நிறுத்தக் கொடுத்திருந்தால் வேறு வீடு பாருங்கள்.