வாசகர் கேள்வி – பதில்: முள், நூல், இறகு

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் முடியும் கட்டிச் செய்யும் போலி இரை) வீசும் தூண்டில் கோலைக் கொடுத்துச் சென்றார். கூடவே தந்த ஃப்ளைகள் எல்லாம் கல்லில் சிக்கி அறுந்துபோயின. நானே கட்டிப் பார்த்தேன். நான்கைந்து வீச்சுக்குள் இறகு சுழன்று கழன்றுவிடுகிறது. உப்பனாற்றில் கொடுவா பிடிக்க எந்த ஃப்ளையைக் கட்டிப் பழகலாம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நூலில் இறுக்கம் போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மொழுமொழுவென்ற முள்தண்டின்மேல் நேராக இறகை வைத்தால் அது சுழலத்தான் செய்யும்; முதலில் தண்டு முழுவதும் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல்தான் இறகை வைக்க வேண்டும். அதற்கும் முன்னால், வெறும் முள்ளை வைஸ் என்னும் பிடிகருவியில் கவ்வவைத்து, நூல் அறும்வரை இழுத்து இழுத்துச் சுற்றிப் பாருங்கள். பத்து முறை அறுத்தபின், அறுவதற்குச் சற்று முன் எங்கே நிறுத்துவது என்பது விரலுக்குப் பிடிபட்டுவிடும். பருத்தித் தையல் நூல் தடித்துக் குவியும் என்பதால் மெல்லிய பாலியஸ்டர் நூலே நல்லது.

உங்கள் ஆற்றுக்கு நான் சொல்வது, அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றில் பாஸ் மீனுக்காக பாப் கிளவுசர் 1980-களில் உருவாக்கிய ‘கிளவுசர் மின்னோ’ என்னும் ஃப்ளை. தண்டின் மேற்புறத்தில், முள்ளின் காதுக்கு (தூண்டில் நரம்பைக் கட்டும் வளையம்) சற்றுப் பின்னால், இரட்டைக் குண்டு போன்ற உலோகக் கண்ணை எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்றிக் கட்டுவதால், அந்த எடை நீருக்குள் முள்ளைத் தலைகீழாகப் புரட்டி, கூர்முனையை மேல்நோக்கி நிறுத்துகிறது. கல்லிலும் சிப்பியிலும் சிக்குவது இதனால் வெகுவாகக் குறைகிறது. அசல் முறையில் மான்வால் முடி. நமக்கு வெள்ளை நிறச் செயற்கை இழையே போதும், மடவைக் குஞ்சின் மினுமினுப்புக்குச் சேலைச் சரிகையில் இரண்டு இழை சேர்த்துக்கொள்ளலாம். கடைசி முடிச்சுக்குக் காதருகே இடம் விடாமல் நெருக்கிக் கட்டுவது கற்றுக்கொள்பவர் எல்லோரும் செய்யும் பிழை. அங்கே அரிசியளவு இடம் விட்டுத் தொடங்குங்கள், முடிச்சின்மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். உவர்நீரில் சாதாரண முள் துருவேறும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு முள்ளையே வாங்குங்கள். இந்த ஒன்றையே இருபத்தைந்து முறை கட்டும்வரை வேறு வகையைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: காட்டுச் சேவலின் கழுத்து இறகு ஃப்ளை கட்டுவதற்கு மிக உயர்ந்தது என்கிறார்களே, எங்கே கிடைக்கும்?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: தயவுசெய்து தேடாதீர்கள். புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெராவின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கி நிற்கும் சாம்பல் காட்டுக்கோழி, மெழுகுப் பொட்டு வைத்தாற்போன்ற அந்தக் கழுத்து இறகுக்காகவே மேல்நாட்டு ஃப்ளை கட்டுவோரின் பொருட்டு ஏராளமாக வேட்டையாடப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். இறைச்சிக் கடையில் வீணாகும் நாட்டுச் சேவலின் கழுத்து இறகைக் கேட்டு வாங்கி, சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காதபடி அந்துருண்டையுடன் மூடிவையுங்கள். கொடுவாய்க்கு அதுவே தாராளம்.