சாஃப்ட் பிளாஸ்டிக் தூண்டில் இரைக்கு மார்க்கரால் நிறம் தீட்டினால் நிற்குமா?

நிற்கும். ஆனால் போட்ட இடத்திலேயே நிற்காது. இது தெரிய எனக்கு ஒரு டப்பா இரை வீணாக வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்டது இதுதானே: கையில் வெள்ளை நிற மீன் வடிவ சாஃப்ட் பிளாஸ்டிக் இருக்கிறது, நிறத்துக்கு ஒரு பாக்கெட் என்று வாங்கிக் குவிக்காமல், வீட்டில் கிடக்கும் பெர்மனன்ட் மார்க்கரை வைத்தே முதுகு, கண், புள்ளியெல்லாம் போட்டுக்கொள்ளலாமா, தண்ணீரில் கரைந்துவிடுமா, மீன் அதைக் கண்டுகொள்ளுமா. தண்ணீரில் கரையாது. பெர்மனன்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஸ்கெட்ச் பேனா மாதிரி தண்ணீர் மை என்றால் இரையில் ஒட்டவே ஒட்டாது. உங்கள் எதிரி தண்ணீர் இல்லை, அந்த பிளாஸ்டிக்கேதான்.

நான் முதல்முறை செய்தபோது ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து இருபது இரைக்குக் கண், செவுளில் சிவப்புக் கோடு, விலாவில் புள்ளி, பைத்தியக்காரத்தனமாகச் செதில்கூட வரைந்தேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடுக்கி மூடிவைத்துவிட்டு அடுத்த வாரம் திறந்தால் ஒன்றுக்கும் கண் இல்லை. கண் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம். செவுள் கோடு கன்னமெல்லாம் பரவி ரோஸ் நிறமாகி, பக்கத்தில் படுத்திருந்த இரையின் வயிற்றிலும் ஏறியிருந்தது. செதிலா? தேடினாலும் இல்லை.

காரணம் இரை செய்யும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலான சாஃப்ட் பிளாஸ்டிக் இரைகள் பிளாஸ்டிசால் என்ற, பால் போன்ற திரவத்தில் செய்பவை, அதாவது பிவிசி தூளை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து, சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். இரை அப்படி நெளிவதற்கு அந்த எண்ணெய்தான் காரணம், அது கெட்டியாகி எங்கும் போய்விடவில்லை, உள்ளேயே திரவமாக இருந்துகொண்டு மேலே கசிந்துகொண்டும் இருக்கிறது. பெர்மனன்ட் மார்க்கரில் இருக்கும் சாயம் ஆல்கஹால் போன்ற கரைப்பானில் கரைந்த சாயம். கரைப்பான் ஆவியாகிப் போனதும் காகிதத்தில் சாயம் நின்றுவிடுகிறது, இங்கே அதற்கு இன்னொரு கரைப்பான் ரெடியாகக் காத்திருக்கிறது. அதனால் சாயம் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, நாளாக நாளாக நாலாபக்கமும் நகர்கிறது. எண்ணெய்த் துணியில் மைச்சொட்டு விழுந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தடுக்க வழி தேடிக் கொஞ்ச காலம் வீணாக்கினேன். மேலே பசை பூசிப் பார்த்தேன், உரிந்தது. பெயின்ட் மார்க்கர் போட்டுப் பார்த்தேன், அது உள்ளே இறங்காமல் தோல் மாதிரி மேலே நிற்கும், ஆனால் வால் நான்கு தடவை ஆடியதும் அந்தத் தோல் வெடித்துவிடுகிறது, பிளாஸ்டிக் இழுபடும் அளவுக்கு பெயின்ட் இழுபடாது. (லைட்டரால் சூடு காட்டினால் மை உள்ளே பிடித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு, மூக்கையும் நெஞ்சையும் பதம் பார்க்கும்.)

அப்புறம்தான் புத்தி வந்தது. பரவுவதைத் தடுப்பதை விட்டுவிட்டு, எப்போது போடுவது என்பதை மாற்றினேன். மங்கலாக இருக்க வேண்டியதை முன்கூட்டியே போடுகிறேன், கூர்மையாக இருக்க வேண்டியதைத் தண்ணீர்க்கரையில் போடுகிறேன். உயிருள்ள சின்ன மீனை ஒன்று பிடித்துப் பாருங்கள், முதுகின் கருமை விலாவுக்கு வரும்போது கோடு கிழித்த மாதிரி நிற்பதில்லை, கரைந்து வெள்ளையாகிறது. பிரஷ் வைத்து அந்த மங்கலைக் கொண்டுவர நிறையக் கைப்பழக்கம் வேண்டும், மார்க்கர் சாயம் அதைச் சும்மாவே செய்துகொடுக்கிறது. நாலைந்து நாள் முன்பே முதுகில் பச்சையோ பழுப்போ ஒரு பட்டையாக இழுத்துவிட்டு வைத்துவிடுங்கள், போகும் நாளில் எடுத்தால் ஓரங்கள் தானாக மங்கியிருக்கும். கண், விலாப்புள்ளி, குறுக்குப் பட்டை இதெல்லாம் அன்றைக்குக் காலையில், ஜிக் தலையில் (ஈயக்குண்டு வைத்த கொக்கி) கோத்த பிறகு. அந்த ஒரு நாள் அவை கூர்மையாகவே இருக்கும், அதற்குமேல் ஒரு இரை அப்படியொன்றும் பிழைத்திருக்கப் போவதில்லை.

போடும் முன் துடைப்பது முக்கியம். புது இரையின்மேல் வாசனை எண்ணெய் பூசியிருக்கும், அதன்மேல் மார்க்கர் வழுக்கும், முனையும் அடைத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ஆல்கஹாலில் ஊறவைக்க வேண்டாம், மிருதுத்தன்மை போய்விடும். உப்பு கலந்த இரை என்றால் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், மெல்லிய முனை மார்க்கர் அதில் சீக்கிரம் நாசமாகும், தடித்த முனையே எடுங்கள்.

சாஃப்ட் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் சாய மார்க்கர்களும், வாலை முக்கியெடுக்கும் சாயங்களும் இருக்கின்றன, பூண்டு வாசனை சேர்த்தவைகூட உண்டு. அவை பிளாஸ்டிக்குக்குள் ஆழமாக இறங்கும், நிறமும் பளிச்சென்று வரும். ஆனால் கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, சட்டையில் பட்டால் சட்டை போச்சு. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

நிறத் தேர்வில் மறக்கக்கூடாத விஷயம், மார்க்கர் மை ஒளி ஊடுருவும் மை, அது இருப்பதை இருட்டாக்கும், வெளுக்க வைக்காது. நீலத்தின்மேல் மஞ்சள் போட்டால் மஞ்சள் வராது, பச்சைதான் வரும். கருப்பின்மேல் எதுவுமே வராது. அதனால் இதில் இறங்குவதாக இருந்தால் வெள்ளை, முத்து வெள்ளை, கண்ணாடி மாதிரி தெளிந்தது, இந்த மூன்றில் இருந்து தொடங்குங்கள். உங்களிடம் வெள்ளை இருப்பது நல்லதாகப் போயிற்று.

சரி, மீன் இதை மதிக்கிறதா? பாதி நமக்கு, பாதி மீனுக்கு என்பதுதான் என் கணக்கு. இந்த மாதிரி இரைக்கு வரும் பாஸ் என்ற நன்னீர் மீனின் கண்ணில் பச்சைக்கும் சிவப்புக்கும் தனித்தனி கூம்பு செல்கள் (நிறத்தை உணரும் செல்கள்) உண்டு, நமக்கு இருப்பதுபோல நீலத்துக்கென்று ஒன்று இல்லை. சோதனையில் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்த அது, பளிச் மஞ்சள்பச்சையை வெள்ளையோடும், கருப்பைக் கருநீலத்தோடும் குழப்பிக்கொண்டது. அப்படியென்றால் வெள்ளை இரைக்கு மஞ்சள்பச்சை வால் தீட்டுவதில் பாஸைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். (இருந்தும் தீட்டுகிறேன்.) தண்ணீரும் நிறத்தைத் தின்னும். தெளிந்த தண்ணீரிலேயே சிவப்புதான் முதலில் போகும், சில மீட்டர் ஆழத்தில் உங்கள் ரத்தச் சிவப்பு செவுள் வெறும் கருமைதான். கலங்கிய தண்ணீரில் இன்னும் சீக்கிரம். ஆகவே ஆழத்தில் இழுப்பதற்குச் சிவப்பு போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். எனக்குப் பலன் தந்ததாக நான் நம்புவது இரண்டு: கருத்த முதுகு வெளுத்த வயிறு என்ற வேறுபாடு, அப்புறம் தலையில் பெரிய கருப்புக் கண். செதில் வரைவது சுத்தமாக நமக்காகத்தான்.

அந்த முதல் டப்பாவில் மேகக்கண்ணோடு கிடந்த இரைகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் கலங்கல் தண்ணீரில் போட்டேன். கடித்தன. அது கண்ணைப் பார்த்தா, ஆட்டத்தைப் பார்த்தா என்று மீனைத்தான் கேட்க வேண்டும்.

வைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். தீட்டிய இரையைத் தீட்டாததோடு போடாதீர்கள், இருண்டது வெளுத்ததைத் தின்றுவிடும். டிபிஇ என்ற வேறு வகை பிளாஸ்டிக்கில் செய்த, ரப்பர் மாதிரி இழுபடும் இரைகள் உண்டு, அவற்றைச் சாதாரண பிவிசி இரையோடு ஒரே பையில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக் களியாகிவிடும், நிறம் போவதெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. மலிவான கண்ணாடி பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியையும் இந்த எண்ணெய் அரித்துவிடும். பாக்கெட்டோடு வந்த பையே நல்ல இடம்.

மார்க்கரைப் பொறுத்தவரை, இரைக்கென்று இரண்டு மூன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். முனையில் எண்ணெய் ஏறினால் பழைய காகிதத்தில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி மை வரும், ஆனால் அதற்கப்புறம் அது எழுதுவதற்கு உதவாது, பூண்டு வாசனைச் சாயம் பூசிய இரையில் உரசியதாக இருந்தால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.