விழித்திரைப் படத்தில் கிழிசல் இல்லை என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

திடீரென்று கண்ணுக்குள் கொசு பறப்பதுபோல் இருந்தது. சொட்டு மருந்து விடாமலே அகல்கோணப் படம் எடுத்து, "விட்ரியஸ் விலகியிருக்கிறது, கிழிசல் இல்லை" என்றார்கள். இது போதுமா?

போதாது. விழிக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லிதான் விட்ரியஸ். வயதாக ஆக நீர்த்துச் சுருங்கி, ஒருநாள் விழித்திரையிலிருந்து கழன்றுவிடும். பெரும்பாலோருக்கு அதோடு சரி. எங்காவது இறுக்கமாக ஒட்டியிருந்தால்தான் வம்பு; விழித்திரையையும் சேர்த்துக் கிழித்துவிடும். இப்படிக் கொசு பறப்பது, கண்ணில் மின்னல் அடிப்பது போன்ற அறிகுறிகளோடு வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கும். அது பெரும்பாலும் ஓரத்தில்தான், அதிலும் மேற்புறம் நெற்றிப்பொட்டுப் பக்கம் அதிகம்.

அகல்கோணக் கருவி 200 பாகை வரை காட்டும், விழித்திரையில் சுமார் 80 சதவீதம். விட்டுப்போகும் மீதிதான் நாம் தேடும் இடம். மேலும் கீழும் இமைமயிர் வேறு குறுக்கே விழுந்து மறைக்கும். கண்ணை நாலா பக்கமும் திருப்பச் சொல்லி எடுத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கருவட்டத்தை) விரிய வைத்து, தலையில் மாட்டும் கருவியால், விழியை வெளியிலிருந்து மெல்ல அழுத்தியபடி ஓரம் முழுக்கப் பார்ப்பதுதான் முறை. அழுத்தும்போது, தட்டையாகக் கிடந்த கிழிசலின் மடல் சற்றே எழும்பும். படத்தில் சிக்காதது அப்போது சிக்கும். ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் விட்ரியஸுக்குள் பழுப்புத் துகள்கள் மிதந்தால் (கண் டாக்டர்கள் நாங்கள் 'புகையிலைத் தூள்' என்போம்) கிழிசலைக் கண்டுபிடிக்கும்வரை விடமாட்டோம். படத்தில் கிழிசல் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓசிடி ஸ்கேனும் நார்மல்தானே?

அது விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன்; பார்ப்பது நடுப்பகுதியை. ஜெல்லி அங்கே கழன்றுவிட்டதா என்று சொல்லும். ஓரத்துக் கிழிசலுக்கு அதில் பதில் இல்லை.

உள்ளே ரத்தம் கசிந்து, டாக்டருக்கே விழித்திரை தெரியவில்லையாம்.

ரத்தம் என்றால் கிழிசலுக்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. மூடிய இமைமேல் ஜெல் தடவி பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுப்பார்கள். கண்ணை உருட்டும்போது விட்ரியஸ் சவ்வு அலைவதும், கிழிசலின் மடல் அதோடு இழுபடுவதும் திரையில் தெரியக்கூடும். சின்னக் கிழிசல் இதிலும் தப்பிவிடும் என்பதால், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் சில நாளில் மறுபடி பார்க்க வேண்டும்.

சொட்டு மருந்து விட்டால் வண்டி ஓட்ட முடியாதே?

சில மணி நேரம் மங்கலாக இருக்கும், கண் கூசும். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

கிழிசல் இல்லை என்று நன்றாகப் பார்த்துச் சொன்ன பிறகும் ஆறு வாரத்தில் வரச் சொல்கிறார்கள். எதற்கு?

விட்ரியஸ் ஒரே நாளில் முழுக்கக் கழன்றுவிடுவதில்லை. வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும்; சிலருக்கு இடையில் புதுக் கிழிசல் விழும். அதற்குள் புள்ளிகள் கூடினாலோ, மின்னல் அடிப்பது அதிகமானாலோ, பார்வையின் ஓரத்தில் திரை போல நிழல் விழுந்தாலோ ஆறு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். கிழிசலாக இருக்கும்போதே பிடித்தால் பெரும்பாலும் லேசரோடு முடிந்துவிடும். விழித்திரை விலகிவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.