வாசகர் கேள்வி–பதில்: போர்பன் புட்டியும் அதை வடித்தவர்களும்

(அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து போர்பன் விஸ்கி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒட்டி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு, அம்மாநிலத்தின் லூயிவில் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கும் கட்டுரையாளர் பதில் அளிக்கிறார்.)

அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன் ‘எலைஜா கிரெய்க்’ என்ற புட்டியைக் கொண்டுவந்தார். அந்தப் பெயருக்குரியவர் ஒரு பாதிரியார், தீயில் கருகிய பீப்பாயில் சாராயத்தை ஊற்றிவைத்துப் போர்பனையே கண்டுபிடித்தவர் அவர்தான் என்றார். உண்மையா? – நாகர்கோவில் வாசகர்

பாதிரியார் என்பது உண்மை. வடிசாலை வைத்திருந்தார் என்பதும் உண்மை. கண்டுபிடித்தார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை ஐயா. கிரெய்க் ஒரு பாப்டிஸ்ட் போதகர், 1808-இல் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோது யாரும் அவரைப் போர்பனின் தந்தை என்று சொன்னதாகத் தெரியவில்லை. 1874-இல் வெளிவந்த ஒரு கென்டக்கி வரலாற்று நூல், முதல் போர்பன் 1789-இல் ஜார்ஜ்டவுன் ஊரில் வடிக்கப்பட்டது என்று ஆள் பெயர் சொல்லாமல் ஒரு வரி எழுதியது. பின்னால் வந்தவர்கள் அந்த வரியில் பாதிரியாரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். மதுவிலக்கு இயக்கம் வலுத்துவந்த காலத்தில், ‘இதைத் தந்ததே ஒரு போதகர்’ என்று சொல்லிக்கொள்வது தொழிலுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஆவணம் வேண்டுமென்றால் 1818-க்கு வாருங்கள். கேத்தரின் கார்பென்டர் என்ற பெண்மணி, கணவரை இழந்து கென்டக்கியில் பண்ணையை நடத்தியவர், அந்த ஆண்டு எழுதிவைத்த ஊறல் குறிப்பு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சாராயம் வடித்தபின் மிஞ்சும் புளித்த நீரை அடுத்த ஊறலில் சேர்க்கும் முறை அதில் இருக்கிறது. அந்தப் புளிப்பு வேண்டாத கிருமிகளை அண்டவிடாது. ஈஸ்ட் நிம்மதியாக வேலை செய்யும். போர்பன் வடிசாலைகளில் இன்று பரவலாக உள்ள முறை இதுதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் குரோ பின்னாளில் அளவு கருவிகளைக் கொண்டு இதை ஒழுங்குபடுத்தினார். பெயரும் அவருக்கே போனது. கேத்தரின் பெயரில் யாராவது புட்டி போட்டிருக்க வேண்டாமா என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

இதையெல்லாம் சொல்வதால் மருமகன் கொண்டுவந்ததை ஒதுக்கிவிடாதீர்கள். 1986-இல் ‘ஹெவன் ஹில்’ நிறுவனம் கொண்டுவந்த நல்ல சரக்கு அது. 1996 நவம்பர் 7 அன்று பார்ட்ஸ்டவுனில் அவர்களுடைய கிடங்குகள் எரிந்து, ஏறத்தாழ 90,000 பீப்பாய்கள் போயின. வடிசாலையும் போயிற்று. அப்போது ஜிம் பீம், பிரவுன்–ஃபோர்மன் ஆகிய போட்டியாளர்கள் தங்கள் வடிசாலைகளில் இவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். லேபிளில் அச்சடிக்க வேண்டிய கதை இதுதான் என்பேன்.

வெண்ணிலா, கேரமல் என்று எழுதுகிறீர்கள். எனக்குத் தொண்டை எரிவதைத் தவிர எதுவும் தெரியவில்லையே? – சேலம் வாசகர்

அவசரப்படுகிறீர்கள். வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். மூக்கைக் குவளைக்குள் நுழைக்காதீர்கள். ஆல்கஹால் ஆவி முதலில் ஏறி, மோப்பத்தை மரத்துப்போகச் செய்துவிடும். குவளையை மோவாய்க்கு நேராகப் பிடித்து, உதடுகளைச் சற்றே திறந்தபடி மெல்ல இழுங்கள். முதல் மிடறு நாக்குக்குப் பழக்கம் காட்டத்தான். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாவது மிடறை மென்று விழுங்குங்கள். மேலே சொன்ன நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ அப்படித்தான் வாயை அசைத்து மென்று காட்டுவார். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள்.

அந்த வெண்ணிலா மணம் யாரும் கலந்தது அல்ல. உள்பக்கம் கரியாகச் சுட்ட புதிய ஓக் பீப்பாயில்தான் போர்பனை வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதைந்து, வெண்ணிலா மணத்துக்குக் காரணமான வெனிலினைத் தருகிறது. நிறமும் மரத்திலிருந்தே வருகிறது.

வித்தியாசம் உணர ஒரே வழி, இரண்டை அருகருகே வைப்பது. ‘மேக்கர்ஸ் மார்க்’ ஒன்று, ‘வைல்ட் டர்க்கி 101’ ஒன்று. இரண்டிலும் முக்கால் பங்குக்கு நெருக்கமாக மக்காச்சோளம்தான். முன்னதில் துணைத் தானியம் கோதுமை, பின்னதில் கோதுமைக்கு உறவான ரை. டர்க்கியில் ஆல்கஹால் 50.5 சதவீதம், மற்றதில் 45. அதனால் டர்க்கியில் சற்றுத் தண்ணீர் விட்டுச் சமன் செய்துகொள்ளுங்கள். மேக்கர்ஸ் நாக்கின் நுனியிலேயே பாகாக இனித்து, அங்கேயே அடங்கிவிடும். டர்க்கியில் இனிப்பு வந்து போனபின், விழுங்கும்போது மிளகும் பட்டையும் எழுந்து நிற்கும். அதுதான் ரை. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு தவறாது.

மேக்கர்ஸ் பற்றி இன்னொன்று. பில் சாமுவேல்ஸ் 1953-இல் லொரெட்டோவில் ஒரு பழைய வடிசாலையை வாங்கி, ரையை விட்டுக் கோதுமைக்கு மாறினார். ஆனால் பெயர் வைத்தது, புட்டியின் வடிவம், லேபிள், கழுத்தில் வழியும் அந்தச் சிவப்பு மெழுகு எல்லாம் அவருடைய மனைவி மார்ஜி. வீட்டுச் சமையலறையில் மெழுகை உருக்கிப் புட்டியை முக்கிப் பார்த்தார். உள்ளே இருப்பதைக் கணவர் செய்தார். உலகம் அதைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்தவர் மார்ஜி.

கென்டக்கியில் செய்தால்தான் போர்பனா? – திருச்சி வாசகர்

இல்லை. அமெரிக்காவில் எங்கு செய்தாலும் போர்பன்தான். 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். இரும்புச் சத்தற்ற சுண்ணாம்புப்பாறை நீர் கென்டக்கியின் பலம். ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று லேபிளில் பார்த்தால் நம்பி வாங்குங்கள்: ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு ஆண்டுகள், 50 சதவீத ஆல்கஹால். கண்டதையும் கலந்து விற்றவர்களை ஒடுக்க 1897-இல் வந்த சட்டம் இது.

ஜாக் டேனியல்ஸ் போர்பன்தானே? – மதுரை வாசகர்

அது டென்னசி விஸ்கி. பீப்பாய்க்குப் போகுமுன் மேப்பிள் மரக்கரியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டுவார்கள். நீங்கள் கேட்டதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சிறுவன் ஜாக்குக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நேதன் ‘நியரஸ்ட்’ கிரீன். அப்போது அவர் அடிமை. விடுதலைக்குப் பிறகு ஜாக்கின் வடிசாலையில் முதல் தலைமை வடிப்பாளர் அவரே. லிஞ்ச்பர்க் ஊரில் வழிவழியாகச் சொல்லிவந்த இந்தச் செய்தியை 2016-இல்தான் நிறுவனம் உலகறியச் சொல்லத் தொடங்கியது. ஒரு பழைய புகைப்படத்தில் ஜாக்கின் பக்கத்தில் கறுப்பின மனிதர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். நியரஸ்டின் மகன் ஜார்ஜ் என்று நம்புகிறார்கள். இனப் பிரிவினை சட்டமாக இருந்த தென்மாநிலத்தில், முதலாளிக்குச் சமமாக உட்கார்ந்து எடுத்த படம். இன்று நியரஸ்டின் பெயரிலேயே ஒரு விஸ்கி விற்கிறது. அது முன்பே வந்திருக்க வேண்டும்.

‘பாப்பி வான் விங்கிள்’ என்ற போர்பன் புட்டி லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறதாமே, வாங்கலாமா? – கோவை வாசகர்

வேண்டாம். பாப்பியை வடிக்கும் அதே பஃபலோ டிரேஸ் வடிசாலையில், அதைப் போலவே கோதுமை சேர்த்து வடிக்கும் ‘வெல்லர்’ இருக்கிறது. மிச்சப் பணத்தில் கென்டக்கிக்கே வந்துவிடலாம்.

ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்களை என்ன செய்வார்கள்? – பெங்களூர் வாசகர்

சட்டம் புதிய பீப்பாய் கேட்பதால் பழையவற்றை விற்றுவிடுகிறார்கள். பெரும்பகுதி ஸ்காட்லாந்துக்குப் போகிறது. உங்கள் ஊருக்கும் வருகிறது: அம்ருத் சிங்கிள் மால்ட் பழைய போர்பன் பீப்பாயிலும் முதிர்கிறது. பெங்களூர் வெப்பத்தில் ஆவியாகும் இழப்பு ஸ்காட்லாந்தில் ஆவதைவிடப் பல மடங்கு. முதிர்வும் அதற்கேற்ப வேகம். அம்ருத்தையும் ஒரு போர்பனையும் அருகருகே வைத்து, சேலம் நண்பருக்குச் சொன்னபடி முகர்ந்து பாருங்கள். இரண்டுக்கும் பொதுவான அந்த ஓக் மணத்தை எங்கே பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அதையே பேசுவோம்.