சூடேறினால் நின்றுவிடும் அம்பாசடர்: கோளாறு கண்டென்சரிலா, காயிலிலா?

கேள்வி: என்னிடம் 1978-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 பெட்ரோல் வண்டி இருக்கிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. பிளக்கையும் பாயின்ட்டையும் மாற்றியும் குறை தீரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் கண்டென்சர் மீதும், பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக மாற்றும் காயில் மீதும்தான் முதல் சந்தேகம் எழுகிறது. ஆனால், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபட்டாலும் வண்டி இதேபோல்தான் நிற்கும் என்பதால், இன்னொரு பாகத்தை வாங்குவதற்கு முன், வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் சோதித்தாக வேண்டும். ஆறிய வண்டியைப் பட்டறையில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

முதலில் பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவில் செருகியிருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, கைப்பிடியில் தடித்த ரப்பர் உறை உள்ள பிளையரால் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு, உடனிருப்பவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். அந்த ஒயரில் பல்லாயிரம் வோல்ட் பாயும். வெறுங்கையால் தொடவே கூடாது. தீப்பொறி நீலமாக, சட்சட்டென்ற ஓசையோடு தாவினால் காயில் வரை குறையில்லை. மூடிக்குள் சுழலும் ரோட்டாரிலும் மூடியிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பெட்ரோல் பக்கம் செல்லலாம். மஞ்சளாக நூல்போல் மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ, குறை பொறி உண்டாகும் பக்கம்தான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுவிட்ச்போல் திறந்து மூடும் பாயின்ட் திறக்கும் நொடியில், காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அதைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிசெய்வதே கண்டென்சரின் வேலை. அது சூட்டில் செயலிழந்தால் பொறி பிளக்கில் விழாமல் பாயின்ட்டிலேயே எரிந்து வீணாகும். மூடியைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுழற்றவைத்துப் பாருங்கள்: சிறு மினுக்கல் இயல்பு, ஒவ்வொரு திறப்பிலும் பளீரென்று பொறி பறந்தால் இயல்பல்ல. நீங்கள் அண்மையில் மாற்றிய பாயின்ட்டின் முகம் அதற்குள் கருகியிருந்தால் கண்டென்சர்தான் காரணம் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். உறுதிசெய்ய, பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 0.2 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள இன்னொரு கண்டென்சரின் ஒயரை, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனையில் இணைத்து, அதன் உலோக உடலை எஞ்சினின் இரும்போடு இறுக்கிப் பாருங்கள். பொறி திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. புதிய கண்டென்சர் என்பதாலேயே அது நல்லது என்று எண்ணிவிட வேண்டாம், சோதித்துப் பொருத்துங்கள்.

கண்டென்சரை மாற்றியும் பொறி வராவிட்டால், முனைகள் நனையாதபடி காயிலைச் சுற்றி ஈரத்துணி போடுங்கள். பத்து நிமிடத்தில் பொறி திரும்பினால் காயில் மாற்ற வேண்டியதே. ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரால் அதன் இரு சிறு முனைகளுக்கிடையே அளந்தால் ஏறத்தாழ 3 ஓம் காட்ட வேண்டும். 1.5 ஓம் அளவே காட்டினால், தனி மின்தடையோடு சேர்த்து ஓட்ட வேண்டிய காயிலை யாரோ நேரடியாகப் பொருத்தியிருக்கக்கூடும். அத்தகைய காயில் அளவுக்கு மீறிச் சூடாகும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குச் செல்லும் சிறு ஒயரை மட்டும் பலர் பார்ப்பதே இல்லை. பாயின்ட் பொருத்திய தகடு அசைய அசைய, வெளியுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும். மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல் நீண்டால் அறுந்துவிட்டது என்று பொருள்.

பாயின்ட்டை மாற்றியிருப்பதால் இடைவெளியையும் சரிபார்த்துவிடுங்கள். பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் கேமின் முனை அதை முழுதாகத் திறந்திருக்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேமில் துளி கிரீஸ் தடவாவிட்டால் அதன்மேல் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேய்ந்து, சில நூறு கிலோமீட்டரிலேயே அந்த இடைவெளி சுருங்கிவிடும்.