பீட்சா தப்பில்ல, திங்கக்கிழமை பட்டினிதான் தப்பு

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். எனக்கு 39 வயசு, ஆபீஸ்ல உக்காந்தே பார்க்கிற வேலை. போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல கொலஸ்ட்ரால் பார்டர்ல இருக்கு, வாயைக் கட்டுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அன்னிலேர்ந்து வாரம் முழுக்க எண்ணெய் இல்லாம, ஸ்வீட் இல்லாம கடுமையா இருக்கேன். ஆனா ஞாயித்துக்கிழமை பசங்களுக்குப் பீட்சா ஆர்டர் பண்றப்ப, ஒரே ஒரு துண்டுன்னு ஆரம்பிச்சு கடைசில பாக்ஸ் காலி ஆயிடுது. திங்கக்கிழமை குற்ற உணர்ச்சில காலையிலயும் மதியமும் எதுவும் சாப்பிடறதில்ல. ஃப்ரெண்ட்ஸ் வாரத்துல ஒரு நாள் டயட்டை மறந்து இஷ்டத்துக்குச் சாப்பிடற 'ச்சீட் டே'ன்னு ஒண்ணு வெச்சுக்கோங்கிறாங்க. வெளிச் சாப்பாட்டை அடியோட நிறுத்தறதுதான் ஒரே வழியா? எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா?

பதில்: கடைசிக் கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஆறு நாள் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருக்கிற ஒருத்தரைப் பார்த்து கட்டுப்பாடு இல்லாதவங்கன்னு யாரும் சொல்ல முடியாது, நீங்களே உங்களைச் சொல்லிக்கிறதும் நியாயமே இல்ல. உங்க பிரச்சினை அந்த ஆறு நாள்லதான் இருக்கு.

1975ல ஹெர்மன், மாக்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. காலேஜ் பொண்ணுங்களைக் கூப்பிட்டு சிலருக்கு மில்க் ஷேக் குடுத்தாங்க, சிலருக்குக் குடுக்கல, அப்புறம் எல்லார் முன்னாடியும் ஐஸ்க்ரீமை வெச்சு ருசி பார்த்துச் சொல்லுங்க, எவ்ளோ வேணாலும் சாப்பிட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க. டயட்டைப் பத்திக் கவலையே படாத பொண்ணுங்க, மில்க் ஷேக் குடிச்சிருந்தா ஐஸ்க்ரீமைக் கம்மியாத்தான் சாப்பிட்டாங்க, வயித்துல இடமில்ல, அவ்ளோதான் விஷயம். எப்பவும் டயட்லயே இருக்கிறவங்கதான் நேர் எதிர், மில்க் ஷேக் உள்ள போனப்புறம்தான் ஐஸ்க்ரீமை இன்னும் அதிகமா சாப்பிட்டாங்க. எப்படியும் விரதம் கெட்டுப்போச்சு, நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்குங்கிற கணக்கு. உங்க முதல் துண்டு பீட்சா அந்த மில்க் ஷேக் மாதிரிதான் வேலை செய்யுது. விதி எவ்ளோ இறுக்கமா இருக்கோ அவ்ளோ வேகமா அறுந்து போகுது, அறுந்ததும் பாக்ஸ் காலி, மறுநாள் பட்டினி, அந்தப் பட்டினியே அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு விதை போட்டுடுது.

அதனால 'ச்சீட் டே'ங்கிற பேச்சே எனக்குப் பிடிக்கல. சாப்பிடறதுக்கு ஏமாத்துறதுன்னு ஏன் பேர் வைக்கணும், யாரை ஏமாத்துறோம்? ஒரு நாளைத் திருட்டு நாள் ஆக்கிட்டா மிச்ச ஆறு நாளும் ஜெயில் ஆயிடும். பீட்சா உங்களுக்குப் பிடிக்கும்னா அது உங்க வாரத்துல ஒரு சாப்பாடு, உரிமையோட உக்காந்து சாப்பிடுங்க. டாக்டர் சொன்னது கொழுப்பை கவனிக்கத்தான், சந்தோஷத்தைக் கட் பண்ணச் சொல்லலை.

கொழுப்புன்னதும் ஒண்ணு சொல்லணும். எண்ணெயையே நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க, இங்க தப்பான ஆளைப் பிடிச்சிருக்கீங்க. கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தறது முக்கியமா செறிவுற்ற கொழுப்பு, அதாவது வெண்ணெய், சீஸ், க்ரீம், கொழுப்பான கறி, சாசேஜ் மாதிரி பதப்படுத்தின கறி, அதோட கடை பேக்கரி ஐட்டங்கள்ல சில இடத்துல இன்னும் வர்ற ட்ரான்ஸ் கொழுப்பு. சூரியகாந்தி, சோயா, ஆலிவ் மாதிரி எண்ணெய்ல பெரும்பங்கு செறிவுறாத கொழுப்பு, வெண்ணெய்க்குப் பதிலா அந்த எண்ணெயை அளவா சேர்த்தா கெட்ட கொலஸ்ட்ரால் குறையத்தான் செய்யும். வாதுமை, வால்நட் எல்லாம் ஒரு கைப்பிடி தாராளமா சாப்பிடலாம். ஓட்ஸ், பீன்ஸ், பருப்பு, ஆப்பிள் இதுல இருக்கிற கரையும் நார்ச்சத்தும் உங்களுக்கு வேலை செய்யும். ஆறு நாளும் எண்ணெயே இல்லாம வேகவெச்சதைத் தின்னு வெறுத்துப் போறதை விட இது எவ்ளோ மேல்.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். அளவோட சாப்பிடுன்னு எல்லாரும் சொல்வாங்க, அளவு எவ்ளோன்னு யாரும் சொல்றதில்ல. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ளன்னு சொல்லுது, ஒரு டீஸ்பூன்தான். தனியா சேர்க்கிற சர்க்கரை, ஜூஸ் தேன்ல இருக்கிறதையும் சேர்த்து, 2000 கலோரி சாப்பிடறவங்களுக்கு 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25. சாதாரண கோலா 330 மில்லி கேன் ஒண்ணுல மட்டும் கிட்டத்தட்ட 35 கிராம் சர்க்கரை, அதாவது ஒம்போது டீஸ்பூன் பக்கம். பீட்சாவோட கோலாவும் வந்துச்சான்னு நீங்க எழுதல, பெரும்பாலும் வந்திருக்கும், காம்போன்னு சேர்த்தே அனுப்பிடுவாங்க. அதை எடுத்துட்டுத் தண்ணி வைங்க. பீட்சாவோட ருசி ஒரு துளியும் குறையாது, இந்த ஒரு மாத்தமே பெருசு. அதே மாதிரி கூட வர்ற மயோனைஸ் கிண்ணம், ஒரு டேபிள்ஸ்பூன்லயே 90, 100 கலோரி. எக்ஸ்ட்ரா சீஸ் வேணாம், சாசேஜுக்குப் பதிலா காளான், குடமிளகா போடச் சொல்லுங்க. ஃப்ரைஸ் வேணும்னா தடிமனா வெட்டினதை வாங்குங்க, மெல்லிசா வெட்டினது எண்ணெயை அதிகமா குடிக்கும்.

அப்புறம் பாக்ஸ். பாக்ஸை நடுவுல வெச்சு டிவி முன்னாடி சாப்பிடாதீங்க, இதை நான் கெஞ்சியே கேக்கிறேன். 2002ல பார்பரா ரோல்ஸ் குழு 500 கிராம் மாக்கரோனி வெச்சா எவ்ளோ சாப்பிடறாங்க, 1000 கிராம் வெச்சா எவ்ளோன்னு பார்த்தப்ப, பெரிய அளவு வெச்சவங்க 30 சதவீதம் அதிகமா சாப்பிட்டாங்க, ஒல்லியா இருக்கிறவங்க குண்டா இருக்கிறவங்கன்னு வித்தியாசமே இல்ல. கண்ணு முன்னாடி இருக்கிறது கையை இழுக்கும், மனித சுபாவம் அது. ரெண்டு துண்டைத் தட்டுல எடுத்துட்டு, பாக்ஸை மூடி உள்ள வெச்சிட்டு, முதல்ல ஒரு கிண்ணம் சாலட்டோ சூப்போ சாப்பிட்டுட்டு அப்புறம் பீட்சாவைத் தொடுங்க. இன்னும் வேணும்னு தோணுச்சுன்னா ஒரு 20 நிமிஷம் பொறுங்க, வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்குப் போய்ச் சேர அவ்ளோ நேரமாகும். அப்பவும் பசிச்சா எடுத்துக்கோங்க, அதுல தப்பே இல்ல.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். இதழ் முடிக்கிற ராத்திரிகள்ல என் டேபிள்ல எப்பவும் ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். ஒரு ராத்திரி ப்ரூஃப் திருத்திட்டே கையை விட்டா பாக்கெட்டோட அடியில வெறும் தூள்தான் விரல்ல ஒட்டுது. என்ன ருசின்னு யோசிச்சுப் பார்த்தேன், சுத்தமா ஞாபகம் இல்ல. அத்தனை பிஸ்கட்டும் உடம்புக்குள்ள போயிருக்கு, ஒண்ணைக்கூட நான் ரசிக்கல. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, குறைக்க வேண்டியது இந்த ரசிக்காத தீனியைத்தான்னு. பிறந்தநாள் கேக்கை இன்னிக்கும் விரும்பிச் சாப்பிடறேன், பிஸ்கட் டேபிளுக்கு வர்றதில்ல. நீங்களும் ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்க, மீட்டிங்ல கையில குடுத்த குக்கி, பசங்க தட்டுல மிச்சம் வெச்சது, டீயோட சும்மா மென்னது, இதெல்லாம் சேர்ந்தா பீட்சாவைத் தாண்டிடும்.

இதுலயும் உங்களை நீங்களே குத்தம் சொல்லிக்காதீங்க. 2019ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 20 பேரை உள்ளயே தங்க வெச்சு, ரெண்டு வாரம் அதிகமா பதப்படுத்தின பாக்கெட் உணவு, ரெண்டு வாரம் சாதாரண உணவுன்னு குடுத்தாங்க. பரிமாறினதுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாத்தான் இருந்துச்சு, வேணுங்கிற அளவு சாப்பிடுங்கன்னு விட்டுட்டாங்க. பாக்கெட் உணவு நாட்கள்ல ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூட சாப்பிட்டாங்க, வேகமாவும் சாப்பிட்டாங்க, ரெண்டே வாரத்துல ஒரு கிலோ பக்கம் எடை ஏறுச்சு. அதனால வாரத்துல ஒரு தடவை வெளியிலேர்ந்து வர்ற பீட்சாவை விட, உங்க வீட்டு அலமாரியில எப்பவும் என்ன இருக்குங்கிறதுதான் எனக்குக் கவலை. அதை ஒரு தடவை திறந்து பாருங்க.

பசங்களைப் பத்தியும் கொஞ்சம். ஞாயித்துக்கிழமை அம்மா ஆசையா சாப்பிடறதையும் பார்க்கிறாங்க, திங்கக்கிழமை அம்மா முகம் வாடிப் பட்டினி கிடக்கிறதையும் பார்க்கிறாங்க. சாப்பாடுன்னா முதல்ல சந்தோஷம் அப்புறம் தண்டனைன்னு அவங்க மனசுல பதிஞ்சிடக் கூடாது, பதிஞ்சுதுன்னா எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். அவங்க முன்னாடி இது கெட்ட சாப்பாடு, நான் தப்புப் பண்ணிட்டேன்னெல்லாம் பேசாதீங்க. மார்க் வாங்கினா ஐஸ்க்ரீம்னு பரிசாவும் ஆக்காதீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை பீட்சா வரட்டும். மறுநாள் காலையில பசங்களோட உக்காந்து வழக்கமான டிபனை முழுசா சாப்பிட்டுட்டு ஆபீஸ் போங்க. அடுத்த டெஸ்ட் எப்ப எடுக்கணும்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க.